கொசுறாக ஒரு கொத்து வெங்காயத்தாள்

என் வீட்டுக்காரர் யெஸ்பர், சீனாவில் இருக்கும் இந்த செங்டு நகரத்துக்குப் புதிதாக வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கெல்லாம் புத்தி சொல்கிறவர். வீட்டு வாடகை எப்படிப் பேசுவது, ஆஸ்பத்திரியில் எந்த வரிசையில் நிற்பது, குழாய் ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் சொல்வார். கல்லூரியில் அவரோடு ஆங்கிலம் சொல்லித்தரும் புதுமுகங்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். நான் அடுப்படியில் நின்று கேட்பேன். வாடகை பேசியது நான். வரிசையில் நின்றது நான். குழாய்க்காரனோடு சண்டை போட்டதும் நான். புத்தி மட்டும் அவருடையது.

டென்மார்க்கில் பிறந்தவர். தங்கமான மனுஷர். தங்கம் மாதிரியே, வைத்த இடத்தை விட்டு நகரமாட்டார், அதாவது காலை வேளையில். வகுப்பு மதியத்துக்கு மேல்தான் என்பதால் சூரியன் முகம் காட்டும்வரை போர்வைக்குள் கிடப்பார். செங்டுவில் குளிர்காலத்தில் சூரியன் முகமே காட்டாது. அது அவருக்கு இன்னும் வசதி.

எனக்கோ காலை வேண்டியிருந்தது. மகள் தௌதௌ பிறந்ததிலிருந்து நான் வேலைக்குப் போகவில்லை. இப்போது அடுத்த தெரு பன் கடையில், விடிவதற்குள் வந்து மாவு பிசைய ஆள் கேட்டார்கள். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை சேர வேண்டும். மாவு பிசைந்து பழகிய கை சும்மா இருந்தால் யாரையாவது கிள்ளத்தான் தோன்றும். போயே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். அப்படியானால் சந்தைக்குப் போவதும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் அவர் தலையில் விழ வேண்டும்.

நேராகவே கேட்டுப் பார்த்தேன்.

"என்னங்க, காலைல நீங்க காய் வாங்கிட்டு வந்தா என்ன?"

"ஹோங்யூ, சந்தை உன்னோட ராஜ்ஜியம். அதுல நான் தலையிடமாட்டேன்."

எவ்வளவு மரியாதை பாருங்கள். சோம்பலுக்கு இத்தனை நல்ல சட்டை போட்டு நான் பார்த்ததேயில்லை.

கடவுள் நஃபுலாவை அனுப்பினார். கென்யாவிலிருந்து வந்த புது ஆசிரியை. ஊருக்கு வந்து மூன்றே வாரம். ஒருநாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவள் கையில் காய்ப்பை. பைக்குள்ளிருந்து ஒரு கொத்து வெங்காயத்தாள் எட்டிப் பார்த்தது.

"நல்லா இளசா இருக்கே. என்ன விலை?" என்றார் இவர்.

"இதுக்கா? சும்மாதான் சார். காய்க்கடை தெங் அக்கா பேசிக்கிட்டே பைக்குள்ள செருகிட்டாங்க."

இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த குச்சிகள் அந்தரத்தில் நின்றன. பிடித்திருந்த இறைச்சித் துண்டு சூப்புக்குள் விழுந்தது.

எங்கள் ஊர் சந்தையில் வெங்காயத்தாள் கொசுறு எல்லோருக்கும் கிடைக்காது. 'இவள் நம்ம ஆள்' என்று காய்க்காரி மனசுக்குள் முடிவு செய்த பிறகுதான் அது பைக்குள் வரும். கேட்டு வாங்கினால் அதற்கு மதிப்பில்லை. கேட்காமல் வர வேண்டும்.

நஃபுலா போனதும் ஆரம்பித்தார்.

"மூணு வாரம்! நேத்து வந்த பொண்ணு! நான் இங்க குடும்பம் நடத்துறவன். எனக்கு ஒரு தழைகூடக் கொடுத்ததில்லையே!"

"நீங்க போனாத்தானே கொடுக்கறதுக்கு?"

"போறேன். நாளையிலிருந்து போறேன். இந்த மாசம் முடியறதுக்குள்ள அந்த அக்கா கையால, கேக்காம, வெங்காயத்தாள் வாங்கிக் காட்டறேன். அதுவரைக்கும் நீ சந்தைப் பக்கமே வரக்கூடாது!"

"ஐயையோ, உங்களுக்கு எதுக்குங்க கஷ்டம்" என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன். சிரிப்பை எங்கே வைப்பது?

அன்று மாலையே தெங் அக்கா கடைக்கு ஓடினேன்.

"அக்கா, நாளையிலிருந்து எங்க வீட்டுக்காரர் வருவார். எதைக் கொடுத்தாலும் வெங்காயத்தாள் மட்டும் கொடுத்துடாதீங்க."

"ஏன்டி, பாவம்! அந்த வெளிநாட்டு மாப்பிள்ளை உனக்கு என்ன பண்ணினார்?"

"எதுவும் பண்ணலை. அதுதானே குறை! கொடுத்தீங்கன்னா அன்னையோட வர்றதை நிறுத்திடுவார். காலைல எழுந்து பழகட்டும் அக்கா. நான் வேலைக்குப் போகணும்."

தெங் அக்கா தராசைத் தட்டிச் சிரித்தார். "கெட்டிக்காரிடி நீ. என் வீட்டுக்காரரை எருமை பூட்டி இழுத்தாலும் அசையமாட்டார். நீ ஒரு தழையைக் காட்டி இழுக்கறே!"

முதல் வாரமே தெங் அக்காவிடமிருந்து புகார் வந்தது.

"உன் வீட்டுக்காரர் ஏன்டி இப்படி நன்றி சொல்றார்? தக்காளியை எடுத்தா நன்றி. தராசுல போட்டா நன்றி. விலை சொன்னதுக்கும் நன்றி! நான் காய் விக்கறேனா, ரத்தம் கொடுக்கறேனா?"

வீட்டில் சொன்னேன். "நன்றி சொல்றதை நிறுத்துங்க. அது வெளி ஆளுக்குச் சொல்றது."

"நன்றி சொல்லாம எப்படி ஒரு பொருளை வாங்கறது?"

"திட்டி வாங்குங்க. 'இந்தக் கீரை என்ன, முந்தாநாள் செத்ததா?'ன்னு கேளுங்க."

"சீ! ஒரு மரியாதையான அம்மாவைப் போய்..."

"நம்ம ஆள்னாத்தான் திட்டுவாங்க. நான் உங்களைத் திட்டலையா?"

யோசித்தார். ஆனால் மனசு கேட்கவில்லை. அவருக்கு இன்னொரு குறுக்கு வழி தோன்றியது. டென்மார்க் சாக்லேட் பெட்டி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார். வெறுங்கையோடு திருப்பி அனுப்புகிற பழக்கம் இங்கே ஏது? தெங் அக்கா புகைபோட்ட பன்றிக்கறி ஒரு சரம் கொடுத்தார். இவர் சும்மா விடுவாரா? காபித்தூள் டப்பா போனது. தெங் அக்கா விடுவாரா? இவர் உயர்ந்த ரகச் சாராயம் வாங்கிப் போன அன்று, கால் கட்டிய உயிர்க்கோழி ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. குளியலறையில் குடியேறிய கோழிக்குத் தௌதௌ பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். அடுத்தது ஆடு வரும் என்று நான் பயமுறுத்திய பிறகுதான் நிறுத்தினார்.

இத்தனைக்கும் வெங்காயத்தாள் வரவில்லை.

ஆனால் வேறு சில வந்தன. கோழிக்கு முன்னால் எழுந்தார். கோழி வீட்டிலேயே இருந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. பட்டாணித் துளிரை நகத்தால் கிள்ளிப் பார்த்து வாங்கினார். தாமரைக் கிழங்கில் மாவாக வேகிறது எது, மொறுமொறுப்பது எது என்று எனக்கே சொல்லித்தந்தார். எனக்கு அது தொட்டிலில் கிடந்தபோதே தெரியும். இருந்தாலும் வாயைப் பிளந்து கேட்டேன். ஆம்பளைக்கு அந்தச் சத்து வேண்டியிருக்கிறது.

எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்தது. மாதக் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் எனக்கு முதல் நாள் வேலை. தெங் அக்கா ஒரு கல்யாணத்துக்குப் போக, அவர் வீட்டுக்காரர் ஹூ அண்ணன் கடையில் உட்கார்ந்திருக்கிறார். அந்த மனுஷருக்கு ஒன்றும் தெரியாது. அன்று பார்த்து இவருக்குத் துணிச்சல் வந்திருக்கிறது.

"ஏன் அண்ணே, இது முள்ளங்கியா, தலையணைப் பஞ்சா?"

ஹூ அண்ணன் விழுந்து விழுந்து சிரித்து, கை நிறைய வெங்காயத்தாளை அள்ளிப் பைக்குள் திணித்துவிட்டார்.

போரில் வென்ற கொடி மாதிரி அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார்.

"முடிஞ்சது சபதம்! நாளையிலிருந்து உன் ராஜ்ஜியத்தை நீயே பாத்துக்கோ. நான் தூங்கப் போறேன்."

"அது ஹூ அண்ணன் கைங்க. சொன்னது தெங் அக்கா கை..."

"ஒரே கடை, ஒரே குடும்பம், ஒரே வெங்காயத்தாள்!"

ஆனால் நானும் கிராமத்தில் வளர்ந்தவள்தான். படுத்துவிட்ட மாட்டை அடித்து எழுப்ப முடியாது. மற்ற மாடுகளை அதன் முன்னால் நடத்த வேண்டும்.

"சரிங்க. நல்லாத் தூங்குங்க. தௌதௌவை மட்டும் பள்ளியில விட்டுடுங்க" என்றேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் தெங் அக்கா கடையில் நின்றேன். "இன்னைக்கு அவர் வரமாட்டார் அக்கா" என்று மட்டும் சொன்னேன். ஒரே ஒரு பெருமூச்சைக் கொசுறாக விட்டேன். மீதியை ஊர் பார்த்துக்கொண்டது.

மாலையில் நான் வீட்டுக்குள் நுழையும்போதே இவர் கத்தினார்.

"யார் சொன்னது நான் சாகக் கிடக்கறேன்னு?"

நடந்தது இதுதான். முதலில் வாசல் காவலாளி கதவைத் தட்டி, "சந்தைக்குப் போகலையே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறார். தௌதௌவைப் பின்னல் போடாமல், செருப்பை மாற்றிப் போட்டுப் பள்ளிக்குக் கூட்டிப்போயிருக்கிறார் இவர். வாசலில் நின்ற அம்மாக்கள் பார்த்தார்கள். பெண்டாட்டி ஓடிவிட்டாள் என்று முடிவு செய்தார்கள். கீழ் வீட்டுக்காரம்மா எலும்பு சூப்போடு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் குடியிருப்புக் கமிட்டியில் குடும்பச் சண்டை தீர்த்துவைக்கிற அம்மாளே வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"மறைக்காம சொல்லு மாப்பிள்ளை. அவ கை நீட்டினாளா?"

"ஐயோ, இல்லைங்க! அவ வேலைக்குப் போயிருக்கா!"

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க. பின்னே நீ ஏன் சந்தைக்கு வரலை?"

"தூங்கினேன்."

"பாவம். மனசு விட்டுப்போச்சு."

தான் சுகமாக இருப்பதை நிரூபிக்க அவருக்கு ஒரே வழிதான் இருந்தது. மதிய நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு சந்தை முழுக்க ஒரு சுற்று வந்திருக்கிறார். தெங் அக்கா பிடித்துக்கொண்டார்.

"வரலைன்னா முதல் நாளே சொல்ல வேணாமா? உனக்குன்னு எடுத்து வச்ச துளிர் வாடிப்போச்சு பாரு! நாங்க எல்லாரும் எப்படிப் பயந்துட்டோம் தெரியுமா?"

அப்போது இவருக்குக் கண் கலங்கியது என்று தெங் அக்கா சொல்கிறார். பக்கத்துக் கடையில் மிளகாய் வறுத்தார்கள் என்று இவர் சொல்கிறார்.

செவ்வாய்க்கிழமை எனக்கு முன்னால் எழுந்து பையைத் தேடிக்கொண்டிருந்தார். அன்று மாலை அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"ஹோங்யூ, என்ன நடந்தது தெரியுமா? தௌதௌவை விட்டுட்டு நான் போனதும், தெங் அக்கா என்னை நம்பிக் கடையையே விட்டுட்டுப் போனாங்க! பேரனைப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விடணுமாம். நஃபுலாவைக் கேக்கலை பாரு, என்னைத்தான் கேட்டாங்க! இனிமே தினமும் காலைல நானே பாத்துக்கறேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

"எவ்வளவு நாளைக்குங்க?"

"பையன் பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும். அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லைங்க. செப்டம்பர்லதான் அவனை ஒண்ணாங்கிளாஸ்ல சேர்த்திருக்காங்க."