கடுப்பு அண்ணாத்தையும் காணும் பொங்கல் படமும்

படத்தில் இருப்பவர்களோடு மல்லுக்கு நிற்கும் மனிதர் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே ஒருவர்தான். பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் படங்களுக்கு ஃபிரேம் போடும் கடை வைத்திருக்கும் கடுப்பு அண்ணாத்த. சாமி படம் என்றால் விட்டுவிடுவார். பண்டிகைப் படம் என்றால் ருத்ரதாண்டவம்தான்.

ஒருமுறை கோவளம் பக்கத்து ரிசார்ட் மேனேஜர் ஒருவர் ஆளுயரப் பொங்கல் ஓவியத்தோடு வந்தார். பானையைச் சுற்றிப் பட்டுப்புடவைகள், ஒரே சிரிப்பு.

"யோவ், பொகை எங்க? வெறகு அடுப்பு எரியுது, ஒருத்தி கண்ணுலயும் தண்ணியக் காணோம்!"

"கெஸ்ட்டுங்களுக்கு சந்தோஷமா இருந்தாப் போதும் சார்."

"அப்போ பானைய அழிச்சிட்டு பல்செட்டு வெளம்பரம்னு எய்தி மாட்டு!"

மேனேஜர் போனவர் போனவர்தான். அந்தப் பட்டுச் சிரிப்புகளைக் கண்டால் எனக்கும் பற்றிக்கொண்டுதான் வரும். நான் பத்திரிகையில் எழுதி ஆற்றிக்கொள்வேன். அவருக்கு அந்த வசதி இல்லை.

போன பொங்கலுக்கு என் அண்ணன் எங்கள் பழைய போட்டோ ஒன்றை மாமல்லபுரத்து ஓவியரிடம் கொடுத்துப் பெரிதாக வரைய வைத்தான். காணும் பொங்கலன்று கடற்கரையில் அம்மா புளிச்சோற்றை உருட்டி உருட்டி எங்கள் கையில் வைக்கும் போட்டோ. அம்மா அறையில் மாட்டத்தான். ஆனால் தங்கச்சியை மட்டும் விட்டுவிட்டு வரையச் சொல்லிவிட்டான் மகானுபாவன். அவள் கோவளத்து மீனவர் வீட்டுப் பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். அதிலிருந்து அவளுக்குப் பொங்கல் சீரும் கிடையாது, வீட்டில் அவள் பேச்சும் கிடையாது.

எவ்வளவோ சண்டை போட்டேன், கேட்கவில்லை. பொங்கலுக்கு முதல் நாள் அவனோடு கடைக்குப் போனேன்.

படத்தைப் பார்த்த அண்ணாத்தைக்கு மூக்கு விடைத்தது.

"அல்லார் கையிலயும் சோறு கீது. அம்மா இன்னொரு உருண்டைய யாருக்கு நீட்டிகினு கீறாங்க? மண்ணுக்கா?"

"அது வரைஞ்சவன் தப்பு. கைய மாத்தி வரைஞ்சிக்கலாம், நீ ஃபிரேம போடு" என்றான் அண்ணன்.

"பெத்தவ கைய மடக்கறதுக்கு நீ யாருடா?"

"யோவ், ஆணி அடிக்கிற வேலைய மட்டும் பாரு!"

அவ்வளவுதான். படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டார், ஷட்டரை இழுத்துவிட்டார். அடுத்த தெருவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு எங்களுக்கு முன்னால் போய், வாசலில் நின்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

"எம்மா! யாருக்கு சோறு நீட்டிகினு கீற? நீயே பாத்து சொல்லு!"

அம்மா வெளியே வந்து படத்தை வாங்கிப் பார்த்தாள். அந்த வெறும் மணல்மேல் விரலை வைத்தாள்.

"இங்கதானடா உக்காந்திருந்தா."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"சீர்த் தட்ட எடு. கரும்ப நீதான் தூக்கினு வர்ற. கோவளத்துக்குக் கெளம்பு."

கூட்டம் பிதுங்கிய பேருந்தில் அண்ணன் கரும்போடு நின்ற முகத்தை எந்த ஓவியராலும் வரைய முடியாது. பிறகு ஓவியர் மறுபடி வரைய, படத்தின் அந்த வெறும் மணலில் தங்கச்சி வந்து உட்கார்ந்தாள். அண்ணாத்த ஃபிரேம் போட்டார், ஓவியரைத் திட்டிக்கொண்டேதான்.

தங்கச்சி போனதிலிருந்து அவளுக்காக எங்கள் வாசலில் நின்று சத்தம் போட்ட முதல் ஆள் அவர். அந்தத் தொண்டை நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.