அப்புத்துரை வென்ற அல்சேசன்

கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருசம். இரணைமடு வாய்க்காலோரத்து அந்த வீட்டில் அப்புத்துரை ஒரு விசயத்திலும் வென்றது கிடையாது. விமலேஸ்வரி கிழக்கு என்றால் அவர் உடனே மேற்கு என்பார். சண்டை பிடிப்பார். சாப்பிடாமல் இருப்பார். கடைசியில் எப்படியோ கிழக்கிலேயே போய் நிற்பார்.

அன்று காலை குரங்குக் கூட்டமொன்று வளவுக்குள் இறங்கி, பழுக்கவிருந்த கதலிக் குலையைத் தின்று முடித்து, தோலை அப்புத்துரையின் தலையில் எறிந்துவிட்டுப் போனது. அவர் தோலைத் தட்டிவிட்டு எழும்பினார்.

"இந்த வீட்டுக்கு ஒரு நாய் வேணுமெண்டு எத்தினை நாளாச் சொல்லுறன். அது என்ன நாய் எண்டதை நான்தான் முடிவெடுப்பன்!"

விமலேஸ்வரி முருங்கைக்கீரை ஆய்ந்தபடி நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"ஓம், வாங்குவம். பொமரேனியன் வாங்குவம். வெள்ளை வெளேரெண்டு, மடியில வைச்சிருக்கலாம்."

"பொமரேனியனோ? அது கண்ணாடியில தன்ர மூஞ்சையைக் கண்டே குலைக்கும். குரங்கு அதையும் தூக்கிக்கொண்டு மரத்தில ஏறிவிடும்."

"அப்ப லாப்ரடோர்?"

"கள்ளன் வந்தால் வாலாட்டி, நகை அலுமாரிக்குள்ள இருக்கெண்டு வழியும் காட்டும். அவ்வளவு நல்ல பிள்ளை."

"றொட்வைலர்?"

"அதுக்குக் கோவம் வந்தால் ஆரைக் கடிக்கும்? உன்னைக் கடிக்காது. வடிவாத் தெரியும், என்னைத்தான் கடிக்கும்." அப்புத்துரை கிழமைக்கணக்காய்ப் பார்த்துவந்த நாய்ப்படத்தைப் போனில் காட்டினார். "அல்சேசன்! மூளையுள்ள சாதி. ஆட்டு மந்தைக்குக் காவல் நிண்ட பரம்பரை. ஒண்டையும் விலகிப்போக விடாதாம். சொல்லுக்கு அப்படிக் கேக்குமாம்."

"ஐயோ, அந்தப் பெரிய நாய் வேண்டாம்! எனக்குப் பயம். பொமரேனியன்தான்."

"அல்சேசன்!"

விமலேஸ்வரி அழுதார். சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்தினார். மூன்று நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சொதியில் உப்புக்கூடப் போடவில்லை. அப்புத்துரை அசையவில்லை. உப்பில்லாச் சொதியை வீரமாகக் குடித்தார். நாலாம் நாள் மனுசி பெருமூச்சு விட்டார்.

"உங்கட இஷ்டம். வவுனியாவில ஜெயரூபி எண்டு ஒரு பிள்ளை நல்ல குட்டி வளர்த்துக் குடுக்குதாம். போய் வாங்கி வாங்கோ. நீங்கள் வெண்டிட்டியள்."

வெண்டிட்டியள்! அந்தச் சொல்லை அப்புத்துரை வவுனியா பஸ்ஸில் நாலு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார். திரும்பி வரும்போது கூடைக்குள் குட்டி, முகத்தில் மாலை போட்ட களை. சந்தியில் இறங்கி, வீட்டுக்கு நேர்வழியால் வராமல், ஊரைச் சுற்றி வந்தார். கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொன்னார்: "மனுசி வேண்டாமெண்டா. நான் விடேல்லை."

குட்டிக்கு மன்னன் என்று பெயர் வைத்தார். மன்னன் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்தது. குரங்குகள் அடுத்த வளவோடு நின்றுகொண்டன. "சிட்" என்றால் இருந்தது. "கம்" என்றால் வந்தது. தன் சொல்லுக்கு ஒரு சீவன் கீழ்ப்படிவதைப் பார்த்த அப்புத்துரைக்குக் கண் கலங்கிவிட்டது.

அறுவடை முடிந்தது. பின்னேரம் மூன்று மணிக்கு செல்வராசாவின் உழவு மெசின் கொட்டிலில் சீட்டு ஆட்டம் தொடங்கும். ஆட்டத்தின் பெயர் முன்னூற்றி நாலு. அப்புத்துரை போனால் பொழுது பட்டுத்தான் திரும்புவார். விமலேஸ்வரி வருசக்கணக்காய்ச் சொல்லியும் இன்னும் மாற்ற முடியாமல் கிடந்த ஒன்று அதுதான்.

நாலு மணிக்கு மன்னன் கொட்டிலுக்குள் வந்தது. அப்புத்துரை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் தலைப்பை மெதுவாய்ப் பல்லால் பிடித்தது. இழுத்தது.

"சிட்!" என்றார் அப்புத்துரை.

மன்னன் இருந்தது. சீட்டுக் கட்டின் மேல் இருந்தது. சாரத்தை விடவில்லை.

"அண்ணை, மந்தையில ஒரு ஆடு குறையுதாம். கூட்டிக்கொண்டு போக வந்திருக்கு," என்றான் செல்வராசா. கொட்டில் அதிரச் சிரித்தார்கள்.

சாரத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்புத்துரை வீடு வந்து சேர்ந்தார். விமலேஸ்வரி மன்னனுக்கு ஒரு துண்டுக் கருவாடு போட்டார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார். அடுத்த நாளும் நாலு மணி. அதற்கடுத்த நாளும் நாலு மணி. ஒரு கிழமைக்குள் செல்வராசா வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டான்.

அப்போதும் அப்புத்துரைக்குப் பெருமைதான். "பாத்தியே விமலா, அரைநாள் என்னை விட்டிட்டு இருக்கேலாது அதுக்கு. நல்லகாலம், உன்ர கதையைக் கேக்காமல் விட்டன்."

"ஓமப்பா. உங்கட மூளை ஆருக்கு வரும்?" என்றார் விமலேஸ்வரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயரூபி போன் எடுத்தாள். நாய்க்கு அடுத்த ஊசி போடும் நேரமாம்.

"அண்ணை, மன்னன் சுகமே? அக்கா ஆசைப்பட்ட மாதிரியே வளந்திட்டானோ?"

"எந்த அக்கா?"

"விமலேஸ்வரி அக்காதான். நீங்கள் வாறதுக்கு ஒரு கிழமைக்கு முந்தி வந்து அந்தக் குட்டியைத்தானே தெரிஞ்சு வைச்சவா. வீட்டில ஆக்கள் விலகிப் போனால் கூட்டிக்கொண்டு வருமோ எண்டு கேட்டவா. பழக்கினால் வருமெண்டு நான் கருவாட்டு வழி சொல்லிக் குடுத்தனான். பொமரேனியன் வேணுமெண்டு வீட்டில அழப்போறன், அப்பத்தான் மனுசன் இதைக் கொண்டுவரும் எண்டு சொல்லி ஒரே சிரிப்பு."

அப்புத்துரை போனை வைத்தார். காது இரண்டும் சுட்டன. இருபத்திரண்டு வருசக் கணக்கை இன்றைக்குத் தீர்ப்பது என்று குசினிக்குள் பாய்ந்தார்.

விமலேஸ்வரி அடுப்படியில் நின்றபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்திட்டியளே? குசினிக்கு மாபிள் பதிக்கச் சொல்லி எல்லாரும் சொல்லீனம். எனக்கெண்டால் துப்பரவா விருப்பமில்லையப்பா. இந்தச் சீமெந்துத் தரையே காணும்."

"ஆர் சொன்னது காணுமெண்டு? மாபிள்தான் பதிக்கிறது!" என்றார் அப்புத்துரை. சொல்லி முடித்த பிறகுதான் வாயைப் பொத்தினார்.