பழுப்பு ஜோடியும் கறுப்பு ஜோடியும்

மரக்காணம்
28.11.2005

அன்புள்ள வேலம்மாளுக்கு,

அப்பாதுரை எழுதிக்கொண்டது. இங்கே நானும், பாண்டிச்சேரி ஹாஸ்டலில் நம் வினோதினியும் சுகம். குவைத்தில் நீயும் உன் மேடம் வீட்டுப் பிள்ளைகளும் சுகமாயிருக்க அங்காளம்மன் துணையிருப்பாள். இங்கே மழை. அதைத் தனியாக எழுத வேண்டியதில்லை, இந்தக் காகிதத்தைத் தொட்டாலே தெரியும்.

முதலில் ஒரு விஷயம். உன் அண்ணி சாமுண்டீஸ்வரி போனில் உன்னிடம், "அவரு இப்பல்லாம் மகாராணி கூடத்தான் சுத்திக்கினு கீறாரு" என்று சொன்னாளாமே. உண்மைதான். ஆனால் மகாராணிக்கு நாலு கால். கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றி வயதாகிப்போன குதிரை. மழையில் உப்பளத்து வரப்பெல்லாம் கரைந்து சைக்கிள் போகாமல் ஆனதும், முதலாளி சக்கரபாணி அதை வாங்கி வந்து, "ஏம்பா அப்பாதுரை, இனிமே இதுல போய் மோட்டார் ஷெட்டையும் மதகையும் பாத்துக்கினு வா" என்று கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டார். காவல்காரன் என்ன சொல்ல முடியும்? ஐம்பத்திரண்டு வயதில் குதிரையேறக் கற்றுக்கொண்டேன். ஏறுவது மூன்று நாளில் வந்துவிட்டது. மதகடியில் இறங்குவதுதான் கஷ்டம். இறங்கினால் முழங்கால் வரை சேறு, சேற்றுக்குள் கிளிஞ்சல். கிளிஞ்சல் கிழித்த காலில் உப்புத் தண்ணீர் பட்டால் எப்படியிருக்கும் என்று, இருபது வருஷம் உப்பு வாரிய உனக்கா நான் சொல்ல வேண்டும்?

அதனால் பூட்ஸ் வாங்கினேன். சாக்கடை வேலைக்காரர்கள் போடுகிற பெரிய கம்பூட்ஸ். கால் உள்ளே போனதும் தெரியவில்லை, வெளியே வந்ததும் தெரியவில்லை. சேற்றில் ஓர் எட்டு வைத்தால் கால் மட்டும் வரும், பூட்ஸ் அங்கேயே நிற்கும். ஒற்றைக்காலில் நான் நிற்பதை எதிர்ப் பாத்தியில் நாலு கொக்கு நின்று பார்த்தன. எப்படியோ இழுத்து மாட்டிக்கொண்டு குதிரையில் ஏறப்போனால், அந்த அகலமான பூட்ஸ் கால் வைக்கிற இரும்பு வளையத்தில் போய் வசமாகச் சிக்கிக்கொண்டது. மகாராணி எதற்கோ மிரண்டு கிளம்பிவிட்டாள். கால் உருவிக்கொண்டது, நான் சேற்றில் விழுந்தேன், அவள் பூட்ஸை மட்டும் தொங்கவிட்டுக்கொண்டு நேரே பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போய் நின்றாள். ஆள் இல்லாத குதிரையையும் அதில் தொங்கும் பூட்ஸையும் பார்த்தவர்கள் என் கதை முடிந்தது என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் ஒற்றைப் பூட்ஸோடு நடந்து ஊருக்குள் வரும்போது, எதிரே உன் அண்ணன் செல்லப்பன் மாலையோடு ஓடி வருகிறார். என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, "யோவ் மச்சான், உசுரோட கீறியா? இப்ப இந்த மாலைய இன்னா பண்றது?" என்று கோபமாகக் கேட்டார். மகாராணி தின்றுவிட்டாள். நல்ல சாமந்தி.

மறுநாள் பஸ் ஏறிப் பொம்மையார்பாளையம் போனேன். அங்கே தமீம் அன்சாரி பாய், அந்தப் பக்கம் வந்து தங்குகிற வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போகிற சாமான்களை வாங்கி விற்கிறார். குதிரை ஓட்டுவதற்கென்றே செய்த ரப்பர் பூட்ஸ் அவரிடம் இரண்டு ஜோடி இருந்தது. பழுப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. பழுப்பு ஜோடிக்கு வாய் அகலம். கறுப்பு ஜோடி கெண்டைக்காலையும் கணுக்காலையும் கவ்விப் பிடிக்கும், வளையத்துக்குள் பாதம் நழுவிப் போகாமலிருக்கச் சின்னதாக ஒரு குதிகால் வேறு.

"சேத்துக்குன்னா கறுப்புதான் அசல் மாலு. பூமியே புடிச்சு இழுத்தாலும் கால வுட்டுப் போவாது" என்றார் பாய்.

போட்டுப் பார்த்தேன். வேலம்மா, மாப்பிள்ளை மாதிரி இருந்தது! கழற்றப் பார்த்தேன். வரவில்லை. பாய் இழுத்தார். அவர் சம்சாரம் சைபுன்னிசா உள்ளேயிருந்து வந்து பாயின் இடுப்பைப் பிடித்து இழுத்தது. பூட்ஸ் வந்த வேகத்தில் இரண்டு பேரும் ஒரு பழைய சோபாவில் போய் உட்கார்ந்தார்கள்.

மூச்சு வாங்கிக்கொண்டே பாய் கேட்டார். "இத தனியாளா கயட்ட முடியாதுங்க. வூட்ல இழுத்து வுட ஆளு இருக்குதா?"

நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். பிறகு, "இல்ல பாய், பழுப்பே குடுங்க" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பழுப்பே போதும். அப்படி ஒன்றும் மோசமில்லை.

இப்போது உன் கடிதத்துக்குப் பதில். ஜனவரியில் ஒப்பந்தம் முடிகிறது, மேடம் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் என்று எழுதியிருந்தாய். தாராளமாகக் கையெழுத்துப் போடு. வினோதினியின் நர்சிங் படிப்பும் அதற்குள் முடிந்துவிடும். நாலு வருஷம் இருந்தாயிற்று, இரண்டு வருஷம் என்ன பெரிய விஷயம்? இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. சோறு நன்றாகவே பொங்குகிறேன், இரண்டு பேருக்குப் பொங்கி மகாராணிக்குப் பாதி வைக்கிறேன். அளவு மட்டும்தான் இன்னும் கைக்கு வரவில்லை. இங்கே விடிந்து இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் அங்கே விடியும் என்று தமீம் பாய் சொன்னார். நான் மதகைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது நீ எழுந்திருப்பாய் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நேரத்தில் மகாராணியிடம், "உங்க அம்மா எழுந்துட்டா" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அதுவும் காதை ஆட்டும். இதையெல்லாம் படித்துவிட்டு அழாதே. மேடம் தப்பாக நினைத்துக்கொள்வார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் மேடத்துக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் அவர்கள் பாஷையில் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்
அப்பாதுரை

பின்குறிப்பு: பழுப்பு வாங்கியதாக எழுதியது பொய். பாய் கேட்டதற்கு, "இருக்குது பாய், ஜனவரியில வருது" என்று சொல்லிக் கறுப்பைத்தான் வாங்கினேன். நேற்று காலை போட்டது, இன்னும் காலில்தான் இருக்கிறது. செல்லப்பனைக் கூப்பிட்டால் ஓடி வந்து இழுத்துவிடுவார். கூப்பிடவில்லை. கையெழுத்துப் போடாதே.