ஏகமனதாக ஒரு குளம்

“பீ...ய்ங்!”

விசில் சத்தத்தில் மேசைமேலிருந்த கோப்பைகள் அதிர்ந்தன. விளையாட்டுச் சங்கத் தலைவர் முன்னாள் கால்பந்து நடுவர். மணியடித்துக் கூட்டம் தொடங்குவது அவருக்கு ஒத்துவராது.

“முதல் விஷயம். நீச்சல் குளத்தை மண்ணப் போட்டு மூடிட்டு பாட்மின்டன் ஹால் கட்டணும். ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க!”

துணைத் தலைவி நிமிர்ந்து உட்கார்ந்தார். இதைத் தோற்கடிக்கத்தான் அவர் வந்திருந்தார். ஒரு காலத்தில் நீச்சல் நடனக் குழுவில் ஏழு பெண்களோடு தண்ணீரில் தலைகீழாக நின்று, ஒன்றுபோல் காலைத் தூக்கி, ஒன்றுபோல் சிரித்து மெடல் வாங்கியவர். சங்கத்தில் ‘டால்பின் மேடம்’ என்றால்தான் தெரியும். இப்போது அதே குளத்தில் அவர் பயிற்சி கொடுக்கும் பெண்கள், ஈரத்தலையோடு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து நாற்காலியில் பொருளாளர். வேப்பங்காயைக் கடித்தவர் மாதிரி முகத்தைச் சுளித்தபடி வலது கையை மெல்லத் தூக்கினார்.

டால்பின் மேடத்தின் வலது கையும் எழுந்தது. அதே வேகம், அதே கோணம், விரல் நுனிகள் மொட்டுப்போலக் குவிந்திருந்தன.

பக்கத்து உடம்பு அசைந்தால் இந்த உடம்பும் அசையும். தண்ணீரை விட்டு வந்தும் பழக்கம் அவரை விடவில்லை. சொல்லப்போனால் பயிற்சியாளர், நடுவர், இணைச் செயலாளர் என்று அவரைப் படிப்படியாக ஏற்றிவிட்டதே அதுதான். யார் தலையாட்டினாலும் ஆட்டுவார், யார் கைதட்டினாலும் தட்டுவார். அப்படிப்பட்டவருக்கு எந்தக் குழுவில் எதிரி இருக்க முடியும்?

மேசையைச் சுற்றி மளமளவென்று கைகள் எழுந்தன.

“ஐயோ சார்! என் கை தானா போயிடுச்சு. நான் ஆதரிக்கல!”

பதறினாரே தவிர, முகம் மலர்ந்து சிரித்தது. தண்ணீரில் மூச்சு முட்டினால் நன்றாகச் சிரிக்க வேண்டும் என்பது பால பாடம். பயம் ஏற ஏற அவருக்குப் பல் கூடுதலாகத் தெரியும்.

“மேடம் தமாஷ் பண்றாங்கய்யா,” என்றார் மல்யுத்தச் செயலாளர்.

“இன்னொரு தடவை ஓட்டெடுங்க சார், ப்ளீஸ்!”

“சரி, ரீப்ளே!” பீ...ய்ங்!

இந்த முறை வலது கையைத் தொடைக்கடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார். பொருளாளர் இடது கையைத் தூக்கினார்.

மேடத்தின் இடது கை சும்மா இருக்குமா?

“சார், அவரைக் கையத் தூக்க வேணாம்னு சொல்லுங்க! அவர் தூக்கினா நானும் தூக்கிடறேன்!”

“உறுப்பினர் கையைத் தடுக்கறது ஃபவுல் மேடம்!” தலைவர் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினார்.

“அப்ப நான் இடம் மாறிக்கறேன். கடைசியா ஒரே ஒரு தடவை!”

நாற்காலியை இழுத்துக்கொண்டு மேசைக்கு அந்தப் பக்கம் போனார். போனபிறகுதான் பொருளாளர் இப்போது நேர் எதிரே, கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரிகிறார் என்பது புரிந்தது.

பீ...ய்ங்!

பொருளாளர் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கினார். மேடத்தின் இரண்டு கைகளும் தாமரை விரிவதுபோல மேலே போயின. கதவுக்கு வெளியே தங்கள் பயிற்சியாளரையே பார்த்துக்கொண்டிருந்த பெண்கள், என்ன ஏது என்று கேட்காமல் அத்தனை பேரும் ஒரே நொடியில் இரண்டு கைகளையும் உயர்த்தினார்கள்.

“குளத்துப் பிள்ளைங்களே மூடச் சொல்லுதுங்கய்யா!” தலைவர் விசிலை மேசைமேல் வைத்தார். “தீர்மானம் ஏகமனதா நிறைவேறிடுச்சு. இவ்வளவு ஆர்வமா இருக்கற டால்பின் மேடம்தான் இனிமே குளம் மூடும் குழுவோட தலைவி!”

மல்யுத்தச் செயலாளர் கைதட்டினார். மேடமும் கைதட்டினார்.

வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“அக்கா, நாம எதுக்குக்கா கையத் தூக்கினோம்?”

“எனக்கே ஒண்ணும் புரியலடி!” சிரித்த முகத்தோடு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பொருளாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். மேடம் வழியை மறித்தார்.

“உங்களுக்கு இந்தக் குளத்து மேல அப்படி என்ன சார் பகை?”

பொருளாளர் தோளைத் தேய்த்துக்கொண்டே அவரைத் திகைத்துப் பார்த்தார்.

“பகையா? தோள் இறுகிப்போச்சு, உக்காந்திருக்கறப்ப கையத் தூக்கித் தூக்கி நீட்டச் சொல்லியிருக்கார் டாக்டர்; தண்ணியிலயே வளந்த நீங்களே மூடலாம்னு கையத் தூக்கினப்புறம், குளம் வேணும்னு பேச வந்த நாங்கல்லாம் என்ன மேடம் பண்றது?”