வறுமைக்குச் சாயம்

இலக்கியத்தைக் குடித்துப் பார்த்துத் துப்பிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். நீலகிரியில் கிளென்மார்கனுக்குப் போகிற வழியில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் அவர் டீ மேக்கராக இருந்தார். பெயர் எதற்கு? எஸ்டேட் முழுக்க அவருக்கு ‘தூ சார்’ என்றுதான் பெயர்.

காலையில் ஃபேக்டரி மேஜையில் கோப்பைகள் வரிசையாக இருக்கும். கரண்டியில் எடுத்து, அடுத்த கட்டடத்துக்குக் கேட்கும்படி ‘சர்ர்ர்’ என்று உறிஞ்சி, வாய்க்குள் புரட்டி, ‘தூ’ என்று துப்பினால்தான் தூளின் குணம் தெரியும். அது தொழில். ஆனால் தொழிலை ஃபேக்டரியிலேயே விட்டுவிட்டு வரும் பழக்கம் அவருக்கு இல்லை. சோலூரில் ஒரு கல்யாணப் பந்தியில் பாயசத்தை உறிஞ்சிப் புரட்டித் துப்பிவிட்டு, “பால் அடி புடிச்சிருக்குங்க, முந்திரியில கஞ்சத்தனம்” என்று தீர்ப்பும் சொன்னார். அதற்குப் பிறகு பத்திரிகை வைப்பவர்கள் அவர் வீட்டைத் தாண்டும்போது வண்டியை வேகமாக ஓட்டினார்கள்.

நான் அதே எஸ்டேட் ஆபீசில் கிளார்க். ஸ்டாஃப் கிளப்பில் மாதம் ஒருமுறை வாசகர் வட்டம் நடத்துவேன். யாராவது கதை படிப்பார்கள். ஏழையின் குடிசையில் காலிப் பானை உருளும். பணக்காரர் வீட்டு நாய் பிஸ்கட் தின்னும். கிழிந்த சேலை காற்றில் படபடக்கும். உடனே ஒருவர் எழுந்து, சேலையின் கிழிசல் சமூகத்தின் கிழிசலுக்குக் குறியீடு என்பார். பின்வரிசையில் ‘சர்ர்ர்’ என்று சத்தம் கேட்கும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த முன்வரிசை குனிந்துகொள்ளும்.

“கலர் சேத்திருக்காங்க” என்பார் தூ சார். “வறுமைக்கு எதுக்குங்க கலர்?”

அது தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். விழுந்தது விலை, அடிபட்டது வேறு யாரோ. ஃபேக்டரி ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடியது. காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பெண்கள் பனியில் நிற்பார்கள். பாதிப் பேருக்குத்தான் வேலை. மீதிப் பேர் கூடையோடு லயத்து வீடுகளுக்குத் திரும்ப வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் சிலோனிலிருந்து திரும்பி வந்த மாரியாயி ஒருநாள் பளிச்சென்று மஞ்சள் பூப்போட்ட சேலையில் நின்றாள்.

“என்ன மாரியாயி, விசேசமா?” என்று கேட்டேன்.

“விசேசம் எங்கங்க ஐயா? கிழிசலோட வந்து நின்னா இவளுக்குத் தெம்பு இல்லன்னு கங்காணி ஒதுக்கிருவாரு. இருக்கிறதுல நல்லது இது ஒண்ணுதான். அதான் கட்டிக்கிட்டு வந்தேன்.”

தூ சார் பக்கத்தில்தான் நின்றார். துப்பவில்லை. முகம் சிவந்து என்மேல் பாய்ந்தார். “கேட்டீங்களா? இத எவனாச்சும் எழுதறானா?” தமிழில் அதுவரை வந்த கதைகளையெல்லாம் நானே எழுதியதுபோலத் திட்டித் தீர்த்தார்.

இனி முதலாளி. கோயமுத்தூரில் அவருக்குப் புதுக் கார். மலைக்கு வரும்போது மட்டும் பழைய ஜீப், முழங்கையில் ஓட்டை விழுந்த ஸ்வெட்டர். சம்பளப் பேச்சு என்றால் அந்த ஸ்வெட்டர் தப்பாமல் வரும். ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டி, “நானே இப்படித்தானுங்க இருக்கேன்” என்பார். எங்கள் எஸ்டேட்டில் கிழிசல் உடுத்த வசதி இருந்தது அவர் ஒருவருக்குத்தான்.

இந்த மனிதர் கதையும் எழுதுவார். ஏழைகளைப் பற்றி மட்டும்தான் எழுதுவார். புத்தகம் அச்சாகி வந்தது. எங்கள் கிளப்பில் வெளியீடு, வராதவர்களுக்கு லீவு போட்டுவிடுவார்கள். விமர்சன உரை தூ சார் என்று, தன் கோர்ட்டர்ஸில் குடியிருப்பவர் துப்ப மாட்டார் என்ற தைரியத்தில், முதலாளியே முடிவு செய்துவிட்டார்.

விழாவன்று காலையில் தூ சாரின் மனைவி என் வீட்டுக்கு வந்தார். “ஏனுங்க, நீங்களாச்சும் சொல்லுங்க. கோர்ட்டர்ஸ் போச்சுன்னா நாங்க எங்க போறது? அடுத்த மாசம் பொண்ணு பாக்க வர்றாங்க. மேடையில இருக்கற நேரம் மட்டும் துப்பாம இருந்தாப் போதும்.”

போய்ச் சொன்னேன். “துப்ப மாட்டனுங்க” என்று அவர் சத்தியமே செய்தார்.

வாக்கைக் காப்பாற்றினார், அதை நான் எங்கேயும் சொல்வேன். மேடையேறியவர் முதலில் வாயே திறக்கவில்லை. கிழிந்த சேலை வருகிற பக்கத்தைப் பிரித்து, டம்ளர் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் தேயிலைத் தூளைத் தூவினார். புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். ஈரப் பக்கத்தில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள் ஊறிப் பரவின.

“நல்ல தூளுல பச்சத் தண்ணிக்கு இப்படிச் சாயம் எறங்காதுங்க” என்றார். “இது நம்ம ஃபேக்டரித் தூள். போன மாசத்திலிருந்து கலர் கலக்கறோம். கலக்கச் சொன்னவரு இந்தப் புஸ்தகத்த எழுதினவரு. கோர்ட்டர்ஸ் போயிருமேன்னு பயந்துட்டுக் கலந்தது என்ற கையி. விமர்சனம் அவ்வளவுதானுங்க.”

முதலாளி ஒரு நொடி வெளிறிப் போனார். பிறகு எழுந்து நின்று கை தட்டினார். “அருமைங்க. எப்பேர்ப்பட்ட குறியீடு” என்றார்.

அவ்வளவுதான். தப்பித்தோம் என்று எல்லோரும் கை தட்டினார்கள். “குறியீடு இல்லீங்க, நெசமுங்க” என்று தூ சார் கத்தினார். தட்டல் ஓயவில்லை. நிஜத்தை நேருக்கு நேர் பார்க்கப் பயந்தவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு வசதியாகப் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே நின்ற மாரியாயிக்குக் குறியீடெல்லாம் தெரியாது. “அப்ப நம்ம பிள்ளைக குடிக்கிறதும் இந்தத் தூளுதானா?” என்று கேட்டாள்.

மறுநாளே தூ சாரிடம் கோர்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். புத்தகத்துக்கு எங்கேயோ பரிசு கிடைத்தது. ஃபேக்டரிக்குப் புது டீ மேக்கர் வந்தார். அவர் எதையும் துப்புவதில்லை, விழுங்கிவிடுவார்.

சாமான் ஏற்றிய லாரியில் தூ சாரின் மனைவி அவர் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “பொண்ணு பாக்க வர்றவங்க மேட்டுப்பாளையத்துக்கு வரட்டும்” என்று என்னிடம் சொன்னார். அந்த அம்மா மடியில் தூ சார் ருசி பார்க்கிற அந்தக் கரண்டி பத்திரமாக இருந்தது.

என் வாய் சும்மா இருக்கவில்லை. “என்ன இருந்தாலும் சார், நனைஞ்ச பக்கமும் செவப்புக் கறையும் நல்ல குறியீடுதானுங்களே?”

தூ சார் லாரியிலிருந்து எட்டிப் பார்த்து, என் செருப்புக்குப் பக்கத்தில் ‘தூ’ என்றார். லாரி கிளம்பிவிட்டது.

இதை எழுதி முடித்து வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன். மாரியாயியின் சேலைக்கு நான் எங்காவது கலர் கூட்டிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. சொல்ல ஆள் இல்லை. தூ சார், எங்கே இருக்கிறீர்களோ, ஒருதரம் வந்து துப்பிவிட்டாவது போங்கள்.