நாற்பத்தேழில் முடியும் நம்பர்

மருதாசலம் ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான். தப்பென்று ஊரே சொன்னாலும் மாற்ற மாட்டார். ஊர் சொல்லிவிட்டதே என்பதற்காகவே மாற்ற மாட்டார். புதுச்சத்திரத்தில், வீட்டு முன்னறையிலேயே ஆபீஸ் போட்டு, லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கிற மனிதர். அந்தத் தொழிலுக்குப் பிடிவாதம் வேண்டியதுதான். அதை அடுத்த அறைக்குக் கொண்டுபோனதில்தான் வம்பு.

இந்தத் தடவை வம்பு மச்சினன் ரூபத்தில் வந்தது. மனைவி சாரதாமணியின் தம்பி பிரபாகர், கெங்கவல்லியில் தோட்டம் வாங்கிப் புது வீடு கட்டியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை புதுமனை புகுவிழா. அக்கா புருஷனை நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டாமா? போனில் அழைத்துவிட்டான். மருதாசலம் அன்றைக்கே அவன் நம்பரைத் தன் போனிலிருந்து அழித்துவிட்டார்.

"போன்லதான கூப்புட்டான்? நானும் போன்லயே சாப்புட்டுக்கறேன்."

"அவன் தனியாளா அல்லாடறானுங்க. அங்க போனா வெத்தல பாக்கு குடுக்காமயா போயிருவான்?"

"அங்க போயி வாங்குனா அதுக்குப் பேரு அழைப்பில்ல சாரதா. பிச்சை."

"செரிங்க. நாலு பேரு கேட்டா என்ன காரணஞ் சொல்றது?"

காரணம் கண்ணெதிரே மேசை மேல் உட்கார்ந்திருந்தது. பழைய சிஸ்டத்துக்கு இனிப் பாதுகாப்பு கிடையாது, புதுசு ஏற்று என்று அந்தக் கம்ப்யூட்டர் மாசக்கணக்கில் நச்சரித்துக்கொண்டிருந்தது.

"கம்ப்யூட்டருக்குப் புதுசு ஏத்தறேன். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் எந்திரிக்க நேரமில்ல. அப்புடியே சொல்லிப்போடு."

"அதுக்கு வெவரந் தெரிஞ்ச ஆளு வேணுமுங்களே."

"பத்துச் சக்கர வண்டியக் கொல்லிமல ஏத்துனவன் நானு. இது பட்டன் அமுக்கற வேல."

சாரதாமணி சீர்த்தட்டைத் துலக்க எழுந்து போனாள். அதை அவர் வெற்றி என்று எடுத்துக்கொண்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகியும் சில பேருக்குப் புத்தி வருவதில்லை, என்ன செய்ய.

சனிக்கிழமை ராகு காலம் கழிந்ததும் கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டினார். புது லாரி எடுக்கிற வழக்கப்படி எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குச் சக்கரம் இல்லை. நாற்காலிக்கு இருந்தது. அதன் அடியில் பழத்தை வைத்து, ஏறி உட்கார்ந்து உருட்டி நசுக்கிவிட்டுப் பட்டனை அமுக்கினார்.

முப்பத்துநாலு சதவீதத்தில் நின்றது. டீ குடித்தார், முப்பத்துநாலு. குளித்துவிட்டு வந்தார், முப்பத்துநாலு. வாய்விட்டுத் திட்டினார், முப்பத்தைந்து. சரி, சூட்சுமம் பிடிபட்டது என்று மத்தியானம் வரைக்கும் திட்டியே நூறுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

திறந்து பார்த்தால், இடது மூலையில் இருந்த பட்டன் நட்டநடுவில் வந்து குந்தியிருந்தது. பிரிண்டரை அடையாளமே தெரியாது என்றது. கடுப்பில் அணைத்துவிட்டு மறுபடி போட்டார். அப்போதுதான் அது ஒரு கேள்வி கேட்டது. ஆறு வருஷமாகத் தினமும் மூஞ்சியைப் பார்த்த பெட்டி, நீ யார் என்று கேட்டது. நாற்பத்தேழில் முடியும் போன் நம்பருக்கு ஆறு எண்ணில் ஒரு ரகசியக் கோடு அனுப்புமாம், அதைப் பத்து நிமிஷத்துக்குள் அடித்தால்தான் உள்ளே விடுமாம்.

 திங்கட்கிழமை விடிந்தால் பதினோரு வண்டிகள் கிளம்ப வேண்டும். எந்த வண்டி எங்கே, டிரைவர் யார், சரக்கு யாருடையது, எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் கிடந்தன.

"என்ற நம்பரு பன்னண்டுல முடியுது. நாப்பத்தேழு ஆரோடது?"

சாரதாமணி சீர்த்தட்டில் மாதுளம்பழத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள். "இந்தப் பொட்டிய மொத மொதல்ல மாட்டிக் குடுத்தது ஆருங்க?"

"உன்ற தம்பி." சொன்னவருக்குச் சுருக்கென்றது. "அப்ப அவன் நம்பரத்தான் போட்டு வெச்சிருக்கான், களவாணி."

"நா ஒண்ணுஞ் சொல்லலீங்க."

"போனப் போட்டுக் கேளு."

"ரோசம் உங்குளுது. நடுவுல நா எதுக்குங்க? நீங்களே போட்டுக் கேளுங்க."

எப்படிக் கேட்பார்? போனில் அழைத்தது தப்பு என்று குதித்தவர், போனில் போய்க் கெஞ்சுவதா? ராத்திரி முழுக்க யோசித்து, காலையில் ஒரு முடிவுக்கு வந்தார்.

"நேர்லயே போறேன். விசேஷத்துக்கு இல்ல. கோடு வாங்கறதுக்கு. வித்தியாசம் இருக்குது."

"இருக்குதுங்க. பட்டு வேட்டி கட்டிட்டுப் போயி வாங்குங்க, நாலு பேரு பாப்பாங்க."

பத்து நிமிஷக் கோட்டை நம்பிக் கெங்கவல்லியிலிருந்து திரும்பி வர முடியாதே. பெட்டி, திரை, கீபோர்டு எல்லாவற்றையும் காரின் பின்சீட்டில் ஏற்றி பெல்ட் மாட்டினார். தூசி படாமல் சாரதாமணி புதுத் துண்டு போர்த்தினாள்.

போய் இறங்கியதும் பிரபாகரின் மாமியார் கண்ணாத்தாள் துண்டை விலக்கிப் பார்த்தாள். "அடேயப்பா, கம்ப்யூட்டரே சீரு கொண்டாந்திருக்காங்க" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். மருதாசலம் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். அதற்குள் பிரபாகர் ஓடி வந்தான். அத்தனை பேர் முன்னாலும் வெற்றிலைத் தட்டை நீட்டினான்.

"நேர்ல வராதது என்ற தப்புங்க மாமா. மனசுல வெச்சுக்காதீங்க."

பொய் சொல்வானேன், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் பந்தியில் உட்கார்ந்து மூன்று தடவை சாம்பார் வாங்கினார். போட்டோவுக்கு நடுவில் நின்றார். அப்புறம்தான் புது அறையில் பெட்டியை மாட்டி, நெட் கொடுத்து, மச்சினனைப் பக்கத்தில் நிறுத்தி, பட்டனை அமுக்கினார்.

"போனப் பாரு மாப்ள, கோடு வந்திருக்கும்."

"எனக்கு ஒண்ணும் வரலீங்களே மாமா. என்ற நம்பரு எம்பத்தொண்ணுல முடியுது."

டிங் என்றது, சாரதாமணியின் கைப்பையில். அவள் நிதானமாகக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஆறு எண்ணையும் வாசித்தாள். அவர் கை தானாக அடித்தது. கம்ப்யூட்டர் திறந்தது. அவர் வாயும் திறந்தபடியே இருந்தது.

"உன்ற நம்பரா புள்ள அது? ரெண்டு நாளா ஏஞ் சொல்லல?"

"'கண்ட மெசேஜும் எனக்கெதுக்கு'ன்னு சொல்லி, பொட்டி மாட்டுனன்னைக்கு என்ற நம்பரக் குடுத்ததே நீங்கதானுங்க," என்றாள் சாரதாமணி. "உங்க போன்ல 'ஊடு'ன்னு பேரு போட்டுத் தெனம் நாலு வாட்டி கூப்புடறீங்களே, அது ஆரு நம்பருன்னு நெனச்சீங்க?"