பட்டைக்காரர் இறக்கிக் கொடுத்த கார்

பின்பக்கம் தூக்கி நிற்கிற வண்டியைப் பார்த்தால் சோறு இறங்காத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவரும் விராலிமலையில்தான் இருந்தார். ஞானஸ்நானப் பதிவேட்டில் தேடினால் பெயர் கிடைக்கலாம். எங்களுக்கு அவர் பட்டைக்காரர். கார், லாரிகளின் அடியில் எஃகுப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்களே, குலுக்கலைத் தாங்குகிற வில், அதைக் கழற்றி மாட்டுவது அவர் தொழில். கார், லாரியில் அவர் மாட்டி நான் பார்த்ததில்லை. கழற்றித்தான் பார்த்திருக்கிறேன்.

திருச்சி ரோட்டோரப் புளியமரத்தடிதான் பட்டறை. எவர் வந்தாலும் ஒரே கேள்வி: "பின்னாடி யாரு உக்காரப் போறா?"

ஒருநாள் பண்ணையார் ஒருவர் புதுக் காரோடு வந்தார். மகன் கல்யாண ஊர்வலத்துக்குப் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் எடுப்பாக நிற்க வேண்டுமாம்.

"பின்னாடி யாருங்க உக்காரப் போறா?"

"யாரும் இல்லப்பா. சும்மா பார்வைக்குத்தான்."

"அப்ப பார்வையை ஏத்திக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்.

இன்னொரு தடவை, ஆவூர் மாதா கோவிலில் சவப்பெட்டி வைத்துத் தள்ளும் வண்டிக்கு யாரையும் கேட்காமல் ஸ்பிரிங் கட்டிவிட்டார். முதல் அடக்கத்தன்று வரப்புப் பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. பெட்டி மெல்ல எழும்பி, மெல்லத் தாழ்ந்து, மறுபடி எழும்பியது. அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்தினார்கள். செத்தவரின் தம்பி மெழுகுவத்தியைப் போட்டுவிட்டுக் கடலைக்கொல்லைக்குள் ஓடிவிட்டார்.

"செத்தவனுக்கு எதுக்குய்யா ஸ்பிரிங்கு?" என்று பங்குச் சாமியார் சத்தம் போட்டார்.

"அவரும் பின்னாடிதானே சாமி போறாரு?"

சாமியார் ஜெபப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, வாத்தியார் வேலையில் உட்காரப் பொறுக்காமல், வாடகைக்கு ஓட்டவென்று உலகப் போருக்கு முந்தின கார் ஒன்றை வாங்கியிருந்தேன். முன்னால் வைத்திருந்தவர் கறம்பக்குடிக் கடலை வியாபாரி. மூட்டை ஏற்றுவதற்காகப் பட்டைகளைக் கூட்டிக் கூட்டி ஒன்பதாக்கியிருந்தார். மூட்டை இல்லாதபோது வண்டி வெட்டுக்கிளி மாதிரி பின்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். சின்னக் கல்லில் ஏறினாலும் பின் சீட்டில் இருப்பவர் தலை கூரையில் மோதும்.

அந்த வண்டியில்தான் என் அக்காவைப் பிரசவத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. முதல் இரண்டு பிள்ளையும் தங்கவில்லை. இரண்டாவது, திருச்சிக்குப் போகும் வழியில் மாட்டுவண்டியிலேயே போய்விட்டது. "இந்தத் தடவை வலி கண்டதும் படுக்க வச்சுக் கொண்டாங்க. குலுங்கவே கூடாது. தாயும் தப்பணும்ல?" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"பின்னாடி யாரு?" என்றார் பட்டைக்காரர்.

சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு ஜாக்கியைத் தூக்கினார்.

பக்கத்துக்கு மூன்று பட்டை கழன்றது. பின்பக்கம் நாலு விரல் இறங்கியது. அப்புறம் சோதனை. பின் சீட்டில் அவர் மல்லாக்கப் படுத்து, வயிற்றின்மேல் சொம்பு நிறைய மோரை வைத்துக்கொண்டார். நான் ஓட்ட வேண்டும். மோர் தளும்பும்போதெல்லாம் ஒரே கூச்சல்: "யோவ், பின்னாடி ஆளு இருக்குய்யா!"

மூன்று மைல் போய்த் திரும்பினோம். சட்டையெல்லாம் மோர். "இன்னொண்ணு கழட்டணும்."

நான் மோட்டார் புத்தகம் படித்தவன். "அண்ணே, அஞ்சு பட்டைதான் மிஞ்சும். ஆள் ஏறினா டயர் மட்கார்டுல ஒரசும்."

"நாலு பேரு ஏறினா ஒரசும். ஒருத்தி படுத்துக்கிட்டுப் போறதுக்கு ஏன்டா ஒரசுது?"

நாலாவதும் கழன்றது. இந்தத் தடவை சொம்பு சிந்தவில்லை. மிச்ச மோரை அவரே குடித்தார்.

நாங்கள் இரண்டு பேருமே மறந்துபோனது ஒன்று உண்டு. எங்கள் ஊரில் பிரசவத்துக்கு ஒருத்தி தனியாகப் போவதில்லை.

குறித்த நாளுக்கு முன்பே வலி வந்துவிட்டது. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அக்கா ஏறினாள். பின்னாலேயே ஆத்தா, பெரியம்மா, சித்தி, மச்சான், பக்கத்து வீட்டு மதலேனம்மா, ஒரு குடம் தண்ணீர், பாய், தலையணை. வண்டி உட்கார்ந்தது, உட்கார்ந்தது, டயரின்மேலேயே உட்கார்ந்துவிட்டது.

நான் ஆள் அனுப்பிச் சொல்லியிருந்ததால் பட்டைக்காரரும் வந்து நின்றார். "எறங்குங்க. எல்லாரும் எறங்குங்க."

"நான் அவளுக்குச் சித்தி!"

"சித்தி பஸ்ல வாங்க."

"நீ யாருய்யா கேக்க? எங்க வீட்டுப் பொண்ணு!"

"புள்ளை பெறப் போறது யாரு, அஞ்சு பேருமா?"

சித்தி அவரைச் சபித்தாள். மதலேனம்மா அவர் வம்சத்தையே சபித்தாள். ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இறக்குவதற்குள் அரைமணி போய்விட்டது. கடைசியில் பின் சீட்டில் அக்கா மட்டும், முன்னால் ஆத்தா. மற்றவர்களோடு அவரும் பஸ்ஸில் வந்தார். திருச்சி வரைக்கும் சித்தி திட்டுவதை நிறுத்தவில்லையாம்.

அக்கா பிழைத்தாள். பிள்ளை அழவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பட்டைக்காரர் என் சட்டையைப் பிடித்தார். "எங்கயாச்சும் இடிச்சுச்சா?"

"இல்லண்ணே."

"பொய் சொல்லாத."

"சத்தியமா இல்லண்ணே. ரெண்டு நாளைக்கு முந்தியே வயித்துல போயிருச்சுன்னு நர்ஸம்மா சொல்றாங்க."

அவர் அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. "அரைமணி நேரம் சண்டை போட்டேனே" என்றார். அப்புறம், யாரிடமோ சொல்வதுபோல: "எம் பொண்டாட்டிய லாரில பின்னாடி படுக்க வச்சு நான்தான் ஓட்டிட்டு வந்தேன். வெரசா வந்து சேந்துட்டோம்னு பெருமையா எறங்கிப் போயிப் பாத்தேன். பின்னாடி உசிரு இல்ல."

மறுநாள் பேச முடிந்ததும் அக்கா அவரைக் கூப்பிட்டனுப்பினாள். "அண்ணே, வலியோட ஏறினேன். வழியில தூங்கிட்டேண்ணே."

அவ்வளவுதான். அவர் இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசலை விட்டு நகரவில்லை. டீக்கடைக்காரர், ஜட்கா வண்டிக்காரர், வாசல் பெருக்குகிற அம்மா என்று பார்த்தவரையெல்லாம் நிறுத்திச் சொன்னார்: "அந்தப் பொண்ணு வழியில தூங்குச்சாம்."

அடுத்த வருஷம் இருமல் அவரைக் கொண்டுபோனது. புளியமரத்தடிக் கட்டிலிலேயே கிடந்தார். சொந்தம் என்று யாரும் வரவில்லை. சவப்பெட்டி ஆவூர்க் கோவிலில் காத்திருந்தது. அங்கே கொண்டுபோக என் வண்டிதான்.

அக்கா யார் சொல்லியும் கேளாமல் பின் சீட்டில் ஏறி, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பாதை முழுக்கப் பள்ளம். அத்தனையையும் ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினேன். ஆவூர் தெரிகிற இடத்தில் மட்டும் ஒரு பள்ளத்தில் வேண்டுமென்றே சக்கரத்தை இறக்கினேன். காது பின்னாலேயே இருந்தது.

அந்தக் கூச்சல் வரவில்லை. பிறகு, நான் எத்தனையோ தடவை சொல்லிக் காட்டியிருந்த அவர் குரலிலேயே அக்கா கத்தினாள்:

"யோவ், பின்னாடி ஆளு இருக்குய்யா!"

"சரிண்ணே" என்றேன்.